ஸ்பவுஸ் விசா காலாவதியான பின்: பிரிட்டனிலேயே விண்ணப்பிப்பதா, ஊர் திரும்பி விண்ணப்பிப்பதா?

பிரிட்டனில் வாழ்க்கைத்துணை விசாவில் இருப்பவர், அதன் கடைசி நாள் முடிவதற்குள் நீட்டிப்புக்கோ நிரந்தர வதிவிட உரிமைக்கோ விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டால், மறுநாள் காலையிலிருந்து அவர் அந்நாட்டில் அனுமதியின்றித் தங்கியிருப்பவராகக் கருதப்படுகிறார். திருமணம் உண்மையானதாக இருக்கலாம். கணவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கலாம். வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளியும் அங்கேயே இருக்கலாம். இவற்றில் எதுவும் அந்த நள்ளிரவைத் தள்ளிப்போடுவதில்லை. இந்த நிலைக்கு ஆளானவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இங்கேயே இருந்து விண்ணப்பிப்பதா, சென்னைக்கோ கொழும்புக்கோ திரும்பிப்போய்ப் புதிய விசா எடுத்து வருவதா? இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. காலாவதியாகி எத்தனை நாளாயிற்று, வீட்டில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உண்டா, குடும்ப வருமானம் யாருடைய சம்பளத்தில் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால், எந்த வழி நல்லது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

அதற்கு முன், விசா உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தேவையில்லாத பீதி பலருக்கு இங்கேதான் தொடங்குகிறது. பி.ஆர்.பி. என்று எல்லாரும் சொல்லும் பிளாஸ்டிக் அட்டைகளில் ஏராளமானவற்றில் 31.12.2024 என்ற தேதியே அச்சிடப்பட்டிருந்தது. அந்த அட்டை முறையையே கைவிட்டு இ-விசாவுக்கு மாறும் திட்டத்தால் அப்படி அச்சிட்டார்களே தவிர, தங்கும் அனுமதி அன்றோடு முடிகிறது என்பது அதன் பொருளல்ல. 2026 வரை அனுமதி உள்ளவருடைய அட்டையிலும் அந்தத் தேதியே இருந்தது. காலவரையற்ற வதிவிட உரிமை, அதாவது ஐ.எல்.ஆர். பெற்றவருடைய அட்டையிலும் அதே தேதி இருந்தது. அட்டை காலாவதியானதால் ஐ.எல்.ஆர். காலாவதியாவதில்லை. எனவே அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, பிரிட்டிஷ் உள்துறையான ஹோம் ஆபீஸ் அனுப்பிய முடிவுக் கடிதத்தையும் இணையத்திலுள்ள இ-விசா கணக்கையும் பார்க்க வேண்டும். கடிதத்தில் உள்ள நாளே கணக்கு. இ-விசாவால் எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு: கையில் எடுத்துப் பார்க்க அட்டையே இல்லாதபோது தேதி கண்ணில் படுவதில்லை. விசா முடியப்போகிறது என்று அரசு கடிதம் எழுதும் என நம்பியிருப்பதும் தவறு. நாளை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு விசா வைத்திருப்பவருடையது.

உரிய நாளுக்குள் விண்ணப்பித்தவருக்கும் ஒரு நாள் பிந்தி விண்ணப்பித்தவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு, விசா உயிரோடு இருக்கும்போது விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும் வரை பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு நீட்டிக்கிறது. முடிவு வர ஆறு மாதம் ஆனாலும் அவர் வேலைக்குப் போகலாம், வீடு வாடகைக்கு எடுக்கலாம், மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். பிந்தியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தாலும் அவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை; செய்தால் அது 2016 முதல் தனிக் குற்றம். அவரை வேலையில் வைத்திருக்கும் முதலாளிக்கு, முதல் முறை என்றாலும், ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதால், விசா தேதியைக் கணினியில் குறித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் அன்றே வேலையை நிறுத்திவிடுகின்றன. இங்கிலாந்தில் புதிய வாடகை ஒப்பந்தம் எழுத முடியாது. ஓட்டுநர் உரிமத்தைத் திரும்பப் பெற அரசுக்கு அதிகாரம் உண்டு. ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் இலவசமே. ஆனால் மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழக்கமான செலவின் ஒன்றரை மடங்கைக் கேட்பார்கள். கர்ப்பிணிக்கு இது பெரிய அச்சம்: பிரசவச் சிகிச்சையை மறுக்க மாட்டார்கள், ஆனால் பில் வரும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இடைக்காலத்தை எப்படிக் கடப்பது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முதல் வழி: பதினான்கு நாளுக்குள் அங்கேயே விண்ணப்பிப்பது

காலாவதியான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, தாமதத்துக்கு விண்ணப்பதாரரோ அவருடைய சட்டப் பிரதிநிதியோ கட்டுப்படுத்த முடியாத நல்ல காரணம் ஒன்று இருந்து, அது விண்ணப்பத்தோடு சேர்த்தே விளக்கப்பட்டிருந்தால், அந்தத் தாமதத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட விதி இடம் தருகிறது. நீண்ட காலம் ‘39இ’ என்ற எண்ணால் அறியப்பட்ட விதி இது. 2016 நவம்பர் 24க்கு முன்பு இந்தச் சலுகை 28 நாளாக இருந்தது. அப்போது காரணம் கேட்கப்படவில்லை. அந்தக் காலத்தில் விண்ணப்பித்த உறவினர்கள் ‘ஒரு மாதம் அவகாசம் உண்டு, பயப்படாதே’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த அறிவுரையைக் கேட்டு இருபதாம் நாள் விண்ணப்பிப்பவர், தம்மிடம் இருந்த மிகச் சிறந்த வாய்ப்பைத் தாமே இழந்துவிடுகிறார்.

‘நல்ல காரணம்’ எது என்பதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன. அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, நெருங்கிய உறவின் மரணம் போன்றவை ஏற்கப்படக் கூடியவை. தேதி மறந்துபோனது, கட்டணத்துக்குப் பணம் புரளவில்லை, வேலைப்பளு, விதி தெரியாது என்பவை ஏற்கப்படுவதில்லை. சொலிசிட்டர் படிவத்தை மேசையில் போட்டுவிட்டு மறந்துவிட்டார் என்பதும் எடுபடாது. பிரதிநிதியின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்டிருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. நாளோடு பொருந்தும் சான்று வேண்டும். எடுத்துக்காட்டாக, விசா மார்ச் 10ஆம் தேதி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4 முதல் 15 வரை மருத்துவமனையில் இருந்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் கடிதத்தோடு மார்ச் 18ஆம் தேதி விண்ணப்பிப்பவரின் கதை தானாக நிற்கும். ஜனவரியில் நடந்த அறுவைச் சிகிச்சையின் கடிதத்தை இணைத்தால், பிப்ரவரி முழுதும் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும்.

இந்த வழியின் பெரிய நன்மை, ஐந்தாண்டுப் பாதை அறுபடாமல் தொடர்வதுதான். 33 மாத முதல் விசா, 30 மாத நீட்டிப்பு, 60 மாதம் நிறைந்ததும் ஐ.எல்.ஆர். என்ற வரிசை அப்படியே இருக்கும். செலவும் குறைவு. 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி நீட்டிப்புக்கு 1,321 பவுண்டு. அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதார மேல்கட்டணம், இரண்டரை ஆண்டுக்கு, 2,587.50 பவுண்டு, ஆக 3,908.50 பவுண்டு. கட்டணங்கள் அடிக்கடி உயர்வதால், பணம் கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இணையப் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தி அனுப்பிய நாளே விண்ணப்பித்த நாள். கைரேகை கொடுக்கும் சந்திப்பு பிறகுதான் வரும். ஊதியச் சீட்டு, வங்கி அறிக்கை, முதலாளியின் கடிதம் ஆகியவற்றை அந்தச் சந்திப்புக்கு முன் பதிவேற்றினால் போதும். எல்லா ஆவணமும் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து கடைசி நாளைத் தவறவிடுவதைப் போல வேதனையான இழப்பு வேறில்லை, ஏனென்றால் அதற்குத் தேவையே இருக்கவில்லை. அதே போல, நாளுக்குள் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர், 3சி பாதுகாப்பு முடிந்த 14 நாளுக்குள் மறுபடி விண்ணப்பித்தால், அவர் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. குறைபாடுள்ள விண்ணப்பமானாலும் நாளுக்குள் அனுப்பியவர், குறையற்ற விண்ணப்பத்தைப் பிந்தி அனுப்பியவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

இரண்டாம் வழி: பத்தாண்டுப் பாதை

14 நாள் கடந்துவிட்டால், அல்லது காரணம் ஏற்கப்படாவிட்டால், குடிவரவு விதியை மீறிய நிலையில் இருப்பவருக்கு ஐந்தாண்டுப் பாதை மூடிவிடுகிறது. வருமானமும் ஆங்கிலத் தேர்வும் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதுவே நிலை. ஆனால் கதவு முழுவதும் அடைக்கப்படுவதில்லை. 2012 ஜூலை 9 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப விதிகளிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள பிள்ளையோ, ஏழாண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்த பிள்ளையோ இருந்து, அந்தப் பிள்ளை நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றால் அனுமதி கிடைக்கும். பிள்ளை இல்லாதவர்கள், தம்பதி வேறு நாட்டில் சேர்ந்து வாழ்வதற்குக் ‘கடக்க முடியாத தடைகள்’ உள்ளன என்று நிறுவ வேண்டும்.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிக அதிகம். குடிமகனுக்கோ நிரந்தர உரிமை உள்ளவருக்கோ அங்கே பிறந்த பிள்ளை பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடியுரிமை பெறுகிறது. அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த விதிவிலக்கு உறுதியான அடித்தளம். கடக்க முடியாத தடைகள் என்பதோ மிகக் கடுமையான அளவுகோல். அகியார்கோ வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2017இல் அதை உறுதிசெய்தது: கணவருக்கு இங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, அந்த நாட்டில் வாழ அவருக்கு விருப்பமில்லை என்பவை போதா. மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று காட்ட வேண்டும். துணைவரே இலங்கையிலிருந்து அகதியாக வந்து பாதுகாப்புப் பெற்றவர் என்றால், அவரைத் திரும்பிப் போய் அங்கே குடும்பம் நடத்தச் சொல்வது எளிதல்ல என்பதால், இந்த வாதத்துக்கு உண்மையான எடை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து குடியுரிமை பெற்ற, உடல்நலமுள்ள, பிள்ளையில்லாத கணவரைப் பொறுத்தவரை அதே வாதம் பெரும்பாலும் தோற்கும்.

வென்றாலும் பாதை நீளமானது. 30 மாதம் வீதம் அனுமதி வாங்கிக்கொண்டே போய், பத்தாண்டு நிறைந்த பிறகே ஐ.எல்.ஆர். மேலே சொன்ன கட்டணத்தில் நான்கு முறை என்று கணக்கிட்டால் 15,634 பவுண்டு, அதே 2025ஆம் ஆண்டின் ஐ.எல்.ஆர். கட்டணம் 3,029 பவுண்டும் சேர்ந்தால் 18,663 பவுண்டு. வருமானம் மிகக் குறைந்தவர்கள் நீட்டிப்புகளுக்குக் கட்டண விலக்குக் கேட்கலாம், ஐ.எல்.ஆருக்கு அந்த விலக்கு இல்லை. முதல் அனுமதி கிடைத்துச் சட்டபூர்வ நிலை திரும்பியதும், வருமானம் முதலிய தகுதிகள் அனைத்தும் இருந்தால் மறுபடி ஐந்தாண்டுப் பாதைக்கு மாறிக்கொள்ளலாம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் பத்தாண்டுப் பாதையில் கழித்த காலத்தை ஐந்தாண்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு. அந்தக் காத்திருப்பும் வேலை செய்யும் உரிமை இல்லாமல்தான் கழியும்.

மூன்றாம் வழி: ஊர் திரும்பிப் புதிதாக விண்ணப்பிப்பது

ஊர் திரும்புவதை எல்லாரும் தோல்வியாகவே பார்க்கிறார்கள். பெண்ணை அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்ற அச்சம் நம் குடும்பங்களில் ஒரு முடிவையே மாற்றிவிடுமளவுக்குப் பலமானது. இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்: பிள்ளை இல்லாத, கணவரின் சம்பளம் ஒன்றே வருமான வரம்பைத் தாண்டும் தம்பதிக்கு, 14 நாள் கடந்த பிறகு உள்ள வழிகளில் இதுவே பெரும்பாலும் சிறந்தது. இந்த வழியிலும் நாள் கணக்கு உண்டு.

விசா முடிந்து 30 நாளுக்குள் சொந்தச் செலவில் வெளியேறியவருக்கு, ஓவர்ஸ்டே செய்தவர்களுக்கான, அதாவது விசா முடிந்தும் தங்கியவர்களுக்கான, மறுநுழைவுத் தடை பொருந்தாது. 2017 ஏப்ரல் 6க்கு முன் இது 90 நாளாக இருந்தது. 30 நாளைத் தாண்டித் தாமே வெளியேறினால் பொதுவான தடை 12 மாதம். அரசு செலவில் வெளியேறினால் இரண்டு அல்லது ஐந்து ஆண்டு. வெளியேற்றப்பட்டாலோ, விண்ணப்பத்தில் பொய் சொன்னது கண்டுபிடிக்கப்பட்டாலோ பத்தாண்டு. வாழ்க்கைத்துணை விண்ணப்பங்கள் இந்தக் கட்டாயத் தடைக்கு வெளியே பல ஆண்டுகளாக வைக்கப்பட்டிருந்தன. ஓவர்ஸ்டேயோடு கள்ள அடையாளம், தலைமறைவு போன்ற மோசமான நடத்தை சேர்ந்தால்தான் சிக்கல் வரும். ஆனால் 2025 நவம்பர் 11 முதல், நடத்தையை வைத்து விண்ணப்பத்தை மறுக்க இடம்தரும் தகுதிப்பாட்டு விதிகள் ஒரே பகுதியாகத் திருத்தி எழுதப்பட்டுள்ளன. ஆகவே 30 நாளைத் தாண்டியவர்கள், பழைய அனுபவக் கதைகளை நம்பாமல், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அன்றுள்ள விதியைத் தகுதியுள்ள ஆலோசகரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கட்டணத்தைப் பார்ப்போம். அதே 2025ஆம் ஆண்டுக் கட்டணப்படி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்டு, 33 மாதத்துக்கான சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண்டு; மொத்தம் 5,043 பவுண்டு. அதற்குப் பின் ஒரு நீட்டிப்பும் ஐ.எல்.ஆரும் சேர்ந்தால் ஏறத்தாழ 11,980 பவுண்டு. ஐந்தாண்டுக் கணக்கு புதிய விசாவிலிருந்தே தொடங்கும். முன்பு கழித்த ஆண்டுகள் வீணாகும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தர வேண்டும். முடிவுக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும். எனினும், பத்தாண்டுப் பாதையோடு ஒப்பிட்டால் இது குறைந்த செலவு, குறைந்த காலம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கடக்க முடியாத தடை’ என்ற நிச்சயமற்ற வாதத்தில் குடும்பத்தின் எதிர்காலத்தைத் தொங்கவிடாத வழி.

இதற்கு எதிராகச் சிலர் சிக்வாம்பா வழக்கை எடுத்துக்காட்டுவார்கள். வெளியே போய் அதே விசாவை வாங்கி வருவதற்காக மட்டும் ஒருவரைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது பெரும்பாலும் நியாயமாகாது என்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகச் செயல்பட்ட பிரபுக்கள் சபை 2008இல் அந்த வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆலம் வழக்கில், அந்தத் தீர்ப்பின் எல்லையை மிகவும் சுருக்கிவிட்டது: வெளியிலிருந்து விண்ணப்பிக்கவில்லை என்ற நடைமுறைக் காரணத்துக்காக மட்டுமே மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கே அது பொருந்தும். சிக்வாம்பாவை நம்பித் தங்கிவிடச் சொல்லும் ஆலோசகரிடம், ஆலம் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது நல்லது.

ஊர் திரும்புவதில் உள்ள உண்மையான பொறி வருமானக் கணக்கு. 2024 ஏப்ரல் 11 முதல் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. அதற்கு முன் துணைவர் பாதையில் நுழைந்து, அதே துணையோடு உள்நாட்டில் நீட்டிப்பவர்களுக்குப் பழைய 18,600 பவுண்டே போதும். உள்நாட்டில் நீட்டிக்கும்போது இருவர் சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது, விண்ணப்பதாரர் ஊரில் வாங்கும் சம்பளம் சேராது. கணவர் பகுதிநேர வேலையில் 16,000 பவுண்டும், மனைவி முதியோர் இல்லத்தில் 13,000 பவுண்டும் ஈட்டும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மனைவியின் விசா உயிரோடு இருந்தவரை இரண்டும் சேர்ந்து 29,000 வரம்பைச் சரியாக எட்டின. அவர் விமானம் ஏறிய பிறகு எஞ்சுவது கணவரின் 16,000 மட்டுமே. பழைய வரம்புக்கே போதாத தொகை. கணவருக்கு வேறு வேலை கிடைத்து, ஆறு மாத ஊதியச் சீட்டு சேரும் வரை மனைவி மதுரையில் காத்திருக்க வேண்டியதுதான். இல்லையென்றால் சேமிப்பைக் காட்ட வேண்டும்: வருமானமே இல்லாதவர் 29,000 வரம்பைச் சேமிப்பால் மட்டும் நிறைவேற்ற 88,500 பவுண்டு ஆறு மாதம் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் விமானம் ஏறுபவர்கள், மூன்று மாதம் என்று நினைத்துப் போய் ஓராண்டுக்கு மேல் பிரிந்திருக்க நேர்கிறது. பழைய வரம்பின் சலுகை, வெளியேறித் திரும்ப விண்ணப்பிக்கும்போதும் கிடைக்குமா என்பதைப் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கேயே தங்கினாலும் இதே பொறியின் ஒரு முனை குத்தும்: விசா முடிந்த பின் தொடர்ந்து வேலை செய்து வாங்கிய சம்பளம் சட்டவிரோத வருமானம் என்பதால் கணக்கில் சேராது. அதனால் மனைவியின் சம்பளத்தை நம்பியுள்ள குடும்பத்தில், காலதாமதம் விண்ணப்பத்தின் அடித்தளத்தையே ஒவ்வொரு வாரமும் அரிக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது

14 நாளுக்குள் இருந்து, சான்றுள்ள காரணம் இருந்தால் அங்கேயே உடனடியாக விண்ணப்பிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. 14 நாளுக்குள் இருந்தும் காரணம் பலவீனம் என்றால், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதன் விலையை யோசிக்க வேண்டும்: நிராகரிப்பு வருவதற்குள் 30 நாள் எல்லை கடந்துபோகும், வேலை போகும். பிரிட்டிஷ் பிள்ளை இருந்தால், எந்த நாளானாலும், தாய் அல்லது தந்தை நாட்டை விட்டுப் போவதற்கு முன் பத்தாண்டுப் பாதையைக் கருத வேண்டும். பாலூட்டும் குழந்தையை விட்டுவிட்டுப் போய் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது நல்ல அறிவுரையாகாது. அனுமதி கிடைத்த பின் ஐந்தாண்டுப் பாதைக்கு மாறும் வாய்ப்பும் இருக்கிறது. பிள்ளை இல்லை, கணவரின் வருமானம் தனியே போதும், 30 நாள் கடக்கவில்லை என்றால், திரும்பிப் போய் விண்ணப்பிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிள்ளையும் இல்லை, வருமானமும் போதாது, நாளும் கடந்துவிட்டது என்பவர்களின் நிலைதான் மிகக் கடினம். அவர்களுக்கு எந்தப் பொதுக் கட்டுரையும் போதாது. முழு ஆவணங்களையும் படித்துப் பார்க்கும் சொலிசிட்டர் வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். ஊரில் அப்பா காலமானார் என்ற செய்தி கேட்டு அன்றிரவே கிளம்புவது மனித இயல்பு. அதைத் தடுக்க யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்தப் பயணம் முதல் இரு வழிகளையும் மூடி மூன்றாம் வழியில் கொண்டுபோய் விடும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

ஐ.எல்.ஆரின் வாசலில் பிந்தியவர்கள்

ஐந்தாண்டு முடியும் தறுவாயில் விசாவைத் தவறவிடுவோர் தனிவகை. 33 மாதமும் 30 மாதமும் சேர்ந்து 63 மாதம் என்பதால், 60 மாதம் நிறைய எப்படியும் நேரமிருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் கணக்கு பிரிட்டனுக்குள் நுழைந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. விசா கிடைத்தும் ஆடி கழியட்டும், தங்கையின் திருமணம் முடியட்டும் என்று தாமதமாக வந்தவர்களுக்கும், நீட்டிப்பை மிக முன்கூட்டியே வாங்கி மாதங்களை இழந்தவர்களுக்கும் 60 மாதம் நிறைவதற்கு முன்பே விசா முடியலாம். 60 மாதம் நிறையும் நாளுக்கு 28 நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம். அதற்கும் எட்டாதென்றால் இன்னொரு நீட்டிப்புதான் வழி.

ஐ.எல்.ஆருக்குத் தேவையான ‘லைஃப் இன் தி யூகே’ பொது அறிவுத் தேர்விலோ பி1 நிலை ஆங்கிலத் தேர்விலோ தேறாமல் நாளைக் கடத்துபவர்களுக்கும் இதுவே என் பரிந்துரை. இன்னும் ஒரு முறை எழுதினால் தேறிவிடுவேன் என்று காத்திருந்து விசாவை முடியவிடுவதைவிட, நாள் முடிவதற்குள் சாதாரண நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நீட்டிப்புக் கட்டணத்தை மறுபடி கட்டுவது வயிற்றெரிச்சலைத் தரும். ஆனால் வேலையும் தொடர்ச்சியும் காப்பாற்றப்படும். முடிவு வருவதற்குள் தேர்வில் தேறிவிட்டால், நிலுவையிலுள்ள அந்த விண்ணப்பத்தையே ஐ.எல்.ஆராக மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. பிந்திய ஐ.எல்.ஆருக்கும் அதே 14 நாள் விதிதான். அதைத் தாண்டினால், ஐந்தாண்டு உழைப்பும் இருந்தும் பத்தாண்டுப் பாதையின் தொடக்கத்தில் நிற்க நேரிடும். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தைப் பரிசீலனையிலும் கடந்த பத்தாண்டின் ஓவர்ஸ்டே எழும்.

விசாவைத் துணைவரே முடியவிட்டிருந்தால்

மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. நம் சமூகத்தில் அது அரிதல்ல. கடவுச்சீட்டும் கடிதங்களும் கணவரிடமோ மாமியாரிடமோ இருக்கும். இ-விசா கணக்கு கணவரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கும். ‘நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான்’ என்பது அன்றாட மிரட்டலாகி, ஒரு நாள் விசா உண்மையிலேயே முடியவிடப்பட்டிருக்கும். துணைவர் பாதையில் அனுமதி பெற்றிருந்து, வீட்டு வன்முறையால் உறவு முறிந்தவர், கணவரின் ஒத்துழைப்பு இல்லாமல் தாமே ஐ.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கத் தனி விதி இருக்கிறது. வருமான வரம்பு அதில் இல்லை. ஆங்கிலத் தேர்வு இல்லை. கையில் பணமில்லாதவருக்குக் கட்டண விலக்கும் உண்டு. விசா முடிந்துவிட்டது என்பதால் மட்டும் அந்தக் கதவு மூடுவதில்லை. அடித்தால்தான் வன்முறை என்பதில்லை. பணத்தையும் ஆவணத்தையும் பிடித்துவைத்து அடக்கியாள்வதும் வன்முறையே என்று சட்டம் ஏற்கிறது. ஜி.பி.யிடம் சொன்னது, போலீஸ் புகார் எண், பெண்கள் அமைப்பின் கடிதம், தங்கைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சான்றாகும். இந்த நிலையில் உள்ள எவரும், மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், இந்த வழியைப் பற்றிக் கேட்க வேண்டும். துணைவர் இறந்துவிட்டவர்களுக்கும் இதே போலத் தனி விதி இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்ல, சொலிசிட்டராகவோ பாரிஸ்டராகவோ, 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் ஆலோசனை சொல்வதே குற்றம். கடைவீதியில் பயணச்சீட்டும் பணமாற்றும் செய்யுமிடத்தில் ‘விசா வேலையும் பார்க்கிறோம்’ என்பவரிடமும், இல்லாத ஆபத்தைச் சொல்லி அகதிக் கோரிக்கை போடச் சொல்பவரிடமும் போக வேண்டாம். பொய்க் கோரிக்கை பின்னால் வரும் எல்லா விண்ணப்பத்திலும் நம்பகத்தன்மையைத் தின்றுவிடும். போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கடைசி முடிவுக் கடிதம், எல்லாக் கடவுச்சீட்டுகளும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆறு மாத ஊதியச் சீட்டும் வங்கி அறிக்கையும், விசா முடிந்த நாள் முதல் இன்றுவரை என்ன நடந்தது என்று நாள்வாரியாக எழுதிய ஒரு தாள். அந்தத் தாளில் வேலைக்குப் போன நாட்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆலோசகருக்குத் தெரியாத உண்மை ஹோம் ஆபீஸுக்கு வரித்துறைப் பதிவிலிருந்து தெரிந்துவிடும்.